வான்பயிர், செய்பயிர், வாய்ப்பயிர்

ஊர்காவற்றுறை கண்ணகை அம்மன் துறை. காலைப் படகு. அன்றைக்கு அதில் ஏறியவை: இரண்டு பதாகை, ஒரு சுருள் பெரிய வெள்ளைத் தாள், ஐந்து நிறத்தில் மார்க்கர் பேனை, நாலு பெட்டி போத்தல் தண்ணீர், அறுபது சோற்றுப் பார்சல், ஒரு வளவாளர், வளவாளருக்கு ஓர் உதவியாளர், இருவரையும் படம் எடுக்க ஒருவர். எழுவைதீவுக்கு வைத்தியம் போகிறது என்று துறையில் நின்றவர்களுக்கு விளங்கிவிட்டது. நோயாளிக்குத்தான் இன்னும் தெரியாது.

என்னை மொழிபெயர்ப்புக்கு என்று கூட்டிப்போனார்கள். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த எந்தப் பெயரை வேண்டுமானாலும் போட்டுப் படியுங்கள், பொருந்தும்.

எழுவைதீவு பெரிய இடமா? சுமார் 1.4 சதுர கிலோமீற்றர். சைக்கிளில் சுற்றத் தொடங்கினால் வியர்க்க முதல் முடிந்துவிடும். பனை, கிணறு, கோயில், தேவாலயம், பள்ளிக்கூடம், ஆளில்லாத வீடுகள், கடல். இந்த நிலத்துக்கு என்ன வருத்தம் என்று கண்டுபிடிக்க ஒரு குழு வந்திருக்கிறது. 'விவசாயிகளுடன் இணைந்து நிலப் பயன்பாட்டுப் பிரச்சினைகளை இனங்காணலும் வேளாண் காடாக்கத் தீர்வுகளை வடிவமைத்தலும்.' பதாகையில் இருந்தது. தலைப்பு நீளம் என்பதால் தீவின் பெயரைச் சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

திரும்பும் படகு இரண்டு மணிக்கு. கூட்டம் பத்துக்கு. நடுவே விளக்கேற்றல், மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை, வரவு இடாப்பில் கையெழுத்து, வடை. பார்சல் பிரிக்க முக்கால் மணித்தியாலம். இதெல்லாம் போக, நோயறிய மிஞ்சியது ஒரு மணித்தியாலமும் சொச்சமும். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் பிரிவிலே டொக்டர் நம் முகத்தைப் பார்க்காமல் துண்டு எழுதுவாரே, அவர் நினைவுக்கு வந்தார். அவர் மேல். அவர் வடை சாப்பிட்டுக்கொண்டு எழுதுவதில்லை.

வளவாளர் தாளை விரித்துச் சுவரில் ஒட்டினார். ஒரு மரம் வரைந்தார். அதன் பெயர் பிரச்சினை மரம். அடிமரத்தில் 'விவசாய வருமானக் குறைவு'. கிளைகளில் விளைவுகள். வேர்களில் காரணங்கள்: வறுமை, அறியாமை, விழிப்புணர்வின்மை. அறியாமை என்று எழுதும்போது எழுத்துக்கூட்டில் கொஞ்சம் தடுமாறினார். முன்வரிசையில் இருந்த ஓர் அப்பு கையை உயர்த்தினார்.

"தம்பி, உந்த மரத்துக்குத் தண்ணி ஆர் ஊத்துறது?"

சிரிப்பு. வளவாளரும் சிரித்தார். "ஐயா, இது ஒரு உதாரணம்."

"ஓம், விளங்குது. உதாரணத்துக்குத் தண்ணி தேவையில்லை. போன கிழமை நீங்கள் இறக்கின முந்நூறு கண்டு துறையடியில கிடக்குது. அதுக்குத்தான் கேக்கிறன்."

மருந்து ஒரு கிழமைக்கு முதலே வந்து இறங்கிவிட்டது. நோய் இன்றைக்குத்தான் தேடப்படுகிறது. டிசெம்பர் 31க்குள் காசைச் செலவழிக்க வேண்டும், கேள்விப்பத்திரம் புரட்டாதியிலேயே முடிந்துவிட்டது, கன்று கொடுத்தவனுக்குக் காசோலையும் போய்விட்டது. பிறகு போய்ப் பார்த்தேன். தேக்கு, கொய்யா, மாதுளை. நாலு றம்புட்டான். மழை விடாத ஈரவலயத்தில் காய்க்கிற றம்புட்டான், உப்புக்காற்று அடிக்கிற சுண்ணாம்புப் பாறைக்கு விலாசம் தவறி வந்து, கறுப்புப் பொலித்தீன் பைக்குள் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்திலேயே உண்மையான அகதி அதுதான்.

நோயறிந்து மரம் நடுகிற இந்த முறையைக் கண்டுபிடித்தவர்களைத் திட்ட மாட்டேன். 1978இல் நைரோபியில் வேளாண் காடாக்க ஆராய்ச்சிக்கென்று ஒரு சர்வதேசச் சபை தொடங்கினார்கள். அங்கே வேலை செய்த ஜோன் ரெயின்ட்றீ என்பவர் 1987இல் இதற்கு ஒரு கைநூல் எழுதினார். ஆளின் பெயரே மழைமரம். நான் கதை விடவில்லை. அவர் சொன்னது எளிமையானது. வைத்தியன் நோயைப் பார்க்காமல் மருந்து எழுதுவதில்லை. மரம் நடுகிறவனும் அப்படியே இருக்கவேண்டும். முதலில் வீட்டுக்காரனைக் கேள், அவன் படுகிற பாட்டைப் பார், பிறகு மரத்தைப் பற்றி யோசி, நட்ட பிறகும் திரும்பிப் போய்ப் பார். இதில் என்ன பிழை? ஒரு பிழையும் இல்லை. (வள்ளுவரை இங்கே இழுக்க மாட்டேன். மருந்துக் கடைப் பலகைகள் அவரைப் போதுமான அளவு இழுத்துவிட்டன.) நைரோபியில் வைத்தியமாகப் புறப்பட்டது எங்கள் துறையில் இறங்கும்போது சடங்காகிவிடுகிறது. கேள்விகள் மட்டும் வந்து சேர்கின்றன. காது வருவதில்லை.

கேட்டிருந்தால் அப்பு பத்து நிமிடத்தில் முடித்திருப்பார்.

தீவுக்கு அடியில் சுண்ணாம்புக் கல். மாரி மழை அதன் பொந்துகளுக்குள் இறங்கிக் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. பாலப்பம் மாதிரி: நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெலிவு. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணி நின்றால் கீழே நாற்பது அடி நிற்கும் என்பது ஏட்டுக் கணக்கு; ஓர் ஒல்லாந்தரும் ஒரு ஜேர்மன்காரரும் நூறு வருடத்துக்கு முதலே கண்டது. அதைத் திருப்பிப் படித்தால் வயிறு கலங்கும். மேலே ஒரு அடியை இறைத்துவிட்டால் கீழே உப்பு நாற்பது அடி ஏறும். அப்புவுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. எந்தக் கிணறு எந்த மாதத்தில் சவராகும் என்பது தெரியும். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனிதனுக்குக் கால் உளைந்தது, கிணறு தப்பியது. மெசினுக்குக் கால் இல்லை. அந்த மெசினை மானியத்தில் கொடுத்தவர்கள்தான் இப்போது 'நிலத்தடி நீர் உவராதல்' என்று வேறு கூட்டங்களில் பிரச்சினை மரத்துக்கு ஒரு வேர் வரைகிறார்கள்.

அடுத்தது காற்று. வைகாசிக்குப் பிறகு சோளகம் எழும். தண்ணீர் இல்லை, காற்றில் உப்பு, இலைகள் ஓரம் கருகும். இந்த வேளை பார்த்து எங்கள் நாட்டில் மரம் நடுவார்கள். ஏனென்றால் ஜூன் 5 உலகச் சுற்றாடல் தினம். 1972இல் ஸ்டொக்ஹோமில் ஐக்கிய நாடுகள் மாநாடு தொடங்கிய நாள் அது. சுவீடனில் ஜூன் மாதம் பூப்பூக்கும். அதற்காக எழுவைதீவுப் பிள்ளைகள் கொதிவெயிலில் பள்ளிக்கூட வளவில் கிடங்கு கிண்டவேண்டும். அமைச்சரோ அதிகாரியோ ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவார். அந்தக் கன்று வாழ்நாளில் காண்கிற முதல் வாளியும் கடைசி வாளியும் அதுதான். மிஞ்சியதைக் கட்டாக்காலி ஆடு பார்த்துக்கொள்ளும். கன்றைச் சுற்றிப் போட்ட இரும்புக் கூடும் அதில் தொங்கும் அன்பளிப்புப் பலகையும் மட்டும் வருடக்கணக்கில் நிற்கும். துருப்பிடித்தாலும் பெயர் தெரியும். அதற்கு நல்ல பெயின்ற்.

இந்த அப்புவுக்கும் அவரது அப்புவுக்கும் மரம் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் அவர்களுடைய வேலியை ஒருமுறை பார்த்திருக்கலாம். மாரி தொடங்க, கிளுவையையும் பூவரசையும் முள்முருக்கையும் கதியாலாக வெட்டி நடுவார்கள். அது தளிர்க்கும். பிறகு அதுவே வேலி, அதுவே ஆட்டுக்குக் குழை, அதுவே தோட்டத்தில் தாழ்க்கிற பசளை, அதுவே காற்றுக்குத் தடுப்பு, அதுவே அடுப்புக்கு விறகு. இரவோடிரவாக அரை முழம் நகர்ந்தால் அதுவே அப்புக்காத்துமாருக்குப் பிழைப்பு. ஒரு கதியாலில் இத்தனை பயன். எந்தத் திட்ட முன்மொழிவிலும் இந்தக் கடைசிப் பயனைச் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் யாழ்ப்பாணத்தான் முழுப்பேரும் பயனாளி.

அந்த வேலியைப் பிடுங்கிவிட்டு வெளிநாட்டுக் காசில் மதில் கட்டினோம். மதில் குழை தருவதில்லை. இதில் கொழும்பைக் குற்றம் சொல்ல வழியில்லை, நாங்களாகத் தேடிக்கொண்டது.

சபையில் வளவாளர் விளக்கம் வாசித்தார்: வேளாண் காடாக்கம் என்றால் ஒரே நிலத்தில் மரங்களையும் பயிர்களையும் கால்நடைகளையும் ஒன்றுக்கொன்று துணையாக வைத்திருத்தல். எல்லோரும் குறித்துக்கொள்ளவேண்டுமாம். அப்பு குறித்துக்கொள்ளவில்லை. அவரிடம் அது ஏற்கெனவே எழுத்தில் இருந்தது. காணி உறுதியில்.

யாழ்ப்பாணத்துப் பழைய உறுதி ஒன்றை எடுத்துப் பாருங்கள். இத்தனை பரப்பு, இத்தனை குழி என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் நொத்தாரிசு எழுதுவார்: வான்பயிர், செய்பயிர், கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால். வானத்தை நம்பி நிற்கிற மரம் வான்பயிர். கையால் பாடுபட்டு வளர்ப்பது செய்பயிர். நைரோபியில் கட்டடத்துக்கு அத்திவாரம் போட முதலே எங்கள் நொத்தாரிசுமார் வேளாண் காடாக்கத்தைப் பத்து ரூபாய் முத்திரையில் கையெழுத்து வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது மூன்றாவது பயிர், வாய்ப்பயிர். நீர் தேவையில்லை. எந்த மண்ணிலும் வரும். வருடத்துக்கு இரண்டு போகம், மதிய உணவோடு.

சரி, இந்த வான்பயிரை இப்போது ஏன் ஒருவரும் நடவில்லை? அங்கேதான் உண்மையான வருத்தம் படுத்திருக்கிறது. அப்புவின் வளவுக்குப் பக்கத்தில் எட்டுப் பரப்பு. 1990களின் தொடக்கத்தில் தீவுகள் காலியானபோது போனவர்களுடையது. உரிமைக்காரரில் ஒருவர் பரிசில், ஒருவர் ஸ்காபரோவில், இருவர் செத்துவிட்டார்கள், அவர்களின் பிள்ளைகளுக்குத் தீவு எந்தப் பக்கம் என்றும் தெரியாது. பங்கு பிரிக்கப்படவில்லை. பற்றைக்குள் கிணறு இருக்கிறது. பாம்புக்கு மட்டும் வழி தெரியும். அப்பு அதில் கத்தரி வைக்கலாம், ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஒரு தென்னம்பிள்ளை வைத்துப் பார்க்கட்டும்! அடுத்த நாள் ஸ்காபரோவில் இருந்து வட்ஸ்அப்பில் குரல்பதிவு வரும். ஏனென்றால் எங்கள் ஊரில் மரம் நடுவது விவசாயம் மட்டும் இல்லை, உரிமைகோரல். பத்து வருடம் நிற்கிற ஒன்றை நட்டவன் பத்து வருடம் நிற்கப்போகிறான் என்று அர்த்தம்.

இதைத் தீர்க்க முன்னோரிடம் வழி இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் எங்கள் வழக்காறுகளைத் தேசவழமை என்று தொகுத்தார். மற்றவன் காணியில் மரம் நட்டவனுக்கு விளைச்சலில் என்ன பங்கு என்று அதிலேயே விதி இருக்கிறது. காணி ஒருவனுக்கு, மரம் இன்னொருவனுக்கு என்று முந்நூறு வருடத்துக்கு முதல் யோசித்த ஊர், இன்றைக்கு அந்த எட்டுப் பரப்பைப் பாம்புக்கு விட்டுவிட்டு, நிலமற்றவர்களுக்கு விழிப்புணர்வு ஊட்டிக்கொண்டிருக்கிறது. கூட்டத்தில் அப்பு இதைத் தொட்டார். "அது கொள்கை மட்டத்து விசயம் ஐயா" என்றார் உதவியாளர். தாளில் ஏறவில்லை.

கொள்கை மட்டம் எப்படிப்பட்டது என்று நீங்களும் பார்த்தீர்கள். 2025 மார்ச் 28. வர்த்தமானி 2430. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் 5,940 ஏக்கர். உரிமைக்காரர் மூன்று மாதத்துக்குள் வந்து நிரூபிக்கவேண்டும், இல்லாவிட்டால் அரச காணி. உறுதி எரிந்தவனுக்கு மூன்று மாதம். உறுதியோடு கடலில் ஓடியவனுக்கு மூன்று மாதம். ரொறன்ரோவில் விசா தேடுகிறவனுக்கும் அதே மூன்று மாதம். சத்தம் போட்டு, உயர் நீதிமன்றம் போய், ஜூன் மாதம் இடைக்காலத் தடை வாங்கி, அரசு பின்வாங்குகிற அளவுக்குக் கத்தவேண்டியிருந்தது. நிலத்தின் நோயைக் கொழும்பு தீர்க்கிற முறை இது: நோயாளியையே எடுத்துக்கொண்டு போவது.

பனையைப் பற்றியும் சொல்லவேண்டும். சொல்லாமல் வடக்கில் எந்தக் கூட்டமும் கலைந்ததில்லை. கற்பகதரு என்று மூன்று பேர் சொன்னார்கள். 1951ஆம் வருடத்துச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிக்கக்கூடாது என்கிறது. நல்ல சட்டம். போர்க்காலத்தில் காப்பரண் கட்டத் தறித்தவர்கள் ஆண்பனையா பெண்பனையா என்று அண்ணாந்து பார்க்கவில்லை. 1978இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது. சபை இருக்கிறது, பனையும் இருக்கிறது, ஏறுகிறவர்தான் குறைந்துகொண்டே போகிறார். அன்றைய கூட்டத்துக்குச் சீவல் தொழிலாளி ஒருவரும் வரவில்லை. பத்து மணிக்கு அவர் மரத்தில் இருப்பார் என்பது அழைப்பிதழ் அடித்தவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்திருந்தது. மரத்துக்குக் கற்பகதரு என்று பெயர் வைத்த எங்கள் சமூகம், அதில் ஏறுகிறவனுக்கு வைத்த பெயரை இங்கே அச்சில் போட முடியாது.

மரத்தின் பெயரில் எங்களுக்கு அற்புதம் காட்டிய வரலாறும் பழையது. இப்பில் இப்பில் நினைவிருக்கிறதா? 1977இல் அமெரிக்க விஞ்ஞான அக்கடமி தனிநூல் போட்டுப் புகழ்ந்த மரம். தீவனம், விறகு, பசளை எல்லாம் அதுவே என்றார்கள். அளவு மீறித் தின்ற மிருகங்களுக்கு மயிர் கொட்டியது. எண்பதுகளின் நடுவில் ஒரு சின்னப் பூச்சி ஆசியா முழுக்க அதை மொட்டையடித்தது. பிறகு சீமைக்கிளுவை. அதற்கு 2005இல் அமைச்சரவை நான்காவது பெருந்தோட்டப் பயிர் என்று பட்டம் கட்டியது. தேயிலை, றப்பர், தென்னை, அடுத்தது எங்கள் வேலிக் கதியால்! பதவி உயர்வு வந்தது, சம்பளம் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் சிகரம் 2021. வைகாசியில் ஒரு வர்த்தமானி. இரசாயனப் பசளை இனி வராது, நாடு முழுக்க இயற்கை விவசாயம், இன்றிலிருந்தே. குழை தாழ்த்து வாழ்ந்தவனை வருடக்கணக்காக யூரியாவுக்குப் பழக்கிவிட்டு, ஒரே இரவில் குழைக்குத் திரும்பு என்றார்கள். குழைக்கு வேலி எங்கே? அங்கே மதில் நிற்கிறது. வயலில் விளைச்சல் விழுந்தது. அரசு என்ன செய்தது தெரியுமா? சேதனப் பசளையைச் சீனாவிலிருந்து கப்பலில் எடுத்தது. 20,000 தொன். பரிசோதித்தால் கிருமி. கப்பல் கடலில் சுற்றிச் சுற்றி வந்தது, பெயர் ஹிப்போ ஸ்பிரிட். கார்த்திகையில் தடையையே தூக்கினார்கள். 2022 தையில் இறக்காத எருவுக்கு அறுபது லட்சத்துக்கும் மேலே டொலர் கட்டினார்கள். எருவுக்கு இவ்வளவு விலை என்று தெரிந்திருந்தால் எங்கள் கட்டாக்காலி மாடுகளுக்கு யாராவது பட்டி அடைத்திருப்பார்கள்.

தீவுகளைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வல்லரசுகளே கவலைப்பட்டன. 2021 தையில் நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்று, சூரிய மின்திட்டம் சீன நிறுவனத்துக்குப் போனது. டில்லிக்குத் தூக்கம் கெட்டது. மார்கழியில் சீனா கைவிட்டது. அந்த மாதமே சீனத் தூதர் வேட்டி கட்டி நல்லூருக்கு வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். 2022 பங்குனியில் இந்தியா கையெழுத்து வைத்தது. எழுவைதீவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் காசில் அப்படியொன்று ஏற்கெனவே இருந்ததால் எங்களுக்கு அந்தப் பெருமை கிடைக்கவில்லை. எங்கள் காற்றுக்கும் வெயிலுக்கும் இரண்டு பேரரசுகள் அடிபட்டன. நல்ல தண்ணிக் கிணற்றுக்கு ஒருவரும் அடிபடவில்லை. உப்பேறிய கிணற்றில் உளவு பார்க்க என்ன இருக்கிறது?

கூட்டத்துக்குத் திரும்புவோம். ஒன்று இருபது. முன்னுரிமை குறிக்க ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை கொடுத்தார்கள். எந்தப் பிரச்சினை பெரிதோ அதில் வைக்கவேண்டும். பிரச்சினைகளின் பட்டியலைக் குழுவே எழுதிக்கொண்டு வந்திருந்தது. தண்ணீர் அதில் இல்லை. அது வேறு திணைக்களமாம். கட்டாக்காலி இல்லை, அது பிரதேச சபை. காணிப் பங்கு இல்லை, அது நீதிமன்றம். மிஞ்சியது, 'மரக்கன்றுகள் போதாமை'. மற்றவர்கள் கொட்டைகளை அதில் வைத்தார்கள். அப்பு தன்னுடைய ஐந்தையும் மடியில் கட்டினார். "குழம்புக்கு உதவாது, முளைக்கவாவது செய்யும்" என்றார்.

படகு பிடிக்க எல்லோரும் ஓடினோம். வெற்றுப் போத்தல்களைத் தீவிலேயே விட்டுவிட்டார்கள். இந்தத் தீவுக்கு நாங்கள் அன்றைக்குக் கொண்டுவந்த ஒரே நல்ல தண்ணீரை நாங்களே குடித்து முடித்திருந்தோம்.

மாசியில் ஒரு செத்தவீட்டுக்காகத் திரும்பப் போனேன். முந்நூறில் துறையடியில் கிடந்தவை பைகளாக மட்டும் இருந்தன. றம்புட்டான் என்னவாயிற்று என்று கேட்கவில்லை. செத்தவீட்டில் இன்னொரு சாவை விசாரிப்பது மரியாதை இல்லை. ஒரு வீட்டு முற்றத்தில் ஓர் ஆச்சி பனங்கிழங்கைக் கிழித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தா. கீழே விரித்திருந்த தாளைப் பார்த்தேன். ஐந்து நிறம். அடிமரத்தின் மேல் ஒடியல், கிளைகளின் மேல் ஒடியல், அறியாமையின் மேல் கொஞ்சம் நெருக்கமாக.

"எந்தக் கூட்டத்தில எடுத்தனீங்கள் ஆச்சி?"

"சுவரில இருந்து விழுந்து கிடந்தது மோனை. நல்ல மொத்தத் தாள். மண் ஒட்டுதில்லை." குனிந்தபடியே கையால் பரவிவிட்டா. "அவங்கள் திருப்பி எப்ப வருவாங்கள்? வரேக்கை இன்னும் ரெண்டு கொண்டரச் சொல்லு. பாதிக் கிழங்கு உள்ளுக்கை கிடக்குது, காயப்போட இடம் காணாது."